தார் காணாத தடங்களும் தாளில் பதிந்த உரிமைகளும்

தென் இங்கிலாந்தில் ஏவ்பரியின் கல்வட்டத்துக்கு அருகே, ஓவர்ட்டன் குன்றில் புறப்படுகிறது ரிட்ஜ்வே. 139 கிலோமீட்டர் ஓடி ஐவிங்ஹோ பீக்கன் என்ற மேட்டில் முடிகிறது. நாட்டின் மிகப் பழைய சாலை என்று சுற்றுலாக் கையேடுகள் இதைக் கொண்டாடும். தேசிய நெடும்பாதையாக இது திறக்கப்பட்டதோ 1973-இல்தான். தேம்ஸ் நதிக்கு மேற்கே, ஸ்ட்ரீட்லி வரைக்கும், வெண்சுண்ணப் பாறையின் முதுகில் செல்லும் இந்தத் தடத்தில் யாரும் சைக்கிளில் போகலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் தடுக்க முடியாது. நதியைத் தாண்டிச் சில்ட்டர்ன் குன்றுகளுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பாறை அதே பாறைதான். பாதையின் பெயரும் அதேதான், வழிகாட்டிப் பலகையில் தேசிய நெடும்பாதைகளுக்குரிய ஏகோர்ன் முத்திரையும் அப்படியே இருக்கிறது. ஆனால் பல மைல்களுக்குச் சைக்கிள் ஓட்டியவருக்கு அங்கே இடமில்லை. அவர் கீழே இறங்கி ஐக்னீல்டு வழி என்ற பழந்தடத்தின் துண்டுகளையும் ஊர்ச் சாலைகளையும் பிடித்துக்கொண்டுதான் கிழக்கே போக வேண்டும். மண்ணைப் பார்த்து இந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதைப் போட்டது கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் வரைபடம்.

கிராவல் பைக் என்று இன்று விற்கப்படும் வண்டிக்குப் பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடியும் 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்த டயரும் உண்டு. அது அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் பிறந்த வழக்கம். கான்சஸில் மக்காச்சோள வயல்களுக்கும் மேய்ச்சல் வெளிகளுக்கும் நடுவே தார் போடாத சரளைச் சாலைகள் சதுரம் சதுரமாக நூற்றுக்கணக்கான மைல்களுக்கு விரிந்து கிடக்கின்றன. அவற்றுக்காகவே அந்த வண்டி உருவானது. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட சாலைகள் கிடையாது. அங்கே ஊர்ச் சாலை என்று பெயர் பெற்றவை ஏறக்குறைய அனைத்துமே தார் பூசப்பட்டுவிட்டன. ஆனாலும் பத்தாண்டுகளுக்குள் இங்கிலாந்தின் கிராவல் பாதைகள் புத்தகங்களையும் நிறுவனங்களையும் உண்டாக்கும் அளவுக்குப் பெருகிவிட்டன. ஒரே நாளில் சுண்ணப்பாறைத் தடம், மணல்காடு, பழைய ரயில்தடம், வேலிகளுக்கு நடுவே புல் மண்டிய சந்து, வனத்துறைச் சாலை என எல்லாம் மாறி மாறி வருவதுதான் அவற்றின் கவர்ச்சி என்று எழுதுகிறார்கள். இந்த மாற்றங்களை நிலத்தின் வளத்துக்கு வரவு வைப்பது வழக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: இங்கிலாந்தின் கிராவல் பாதையைத் துண்டு துண்டாக்கியதும் அந்தத் துண்டுகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டதும் சட்டம்தான். அதிலும் சைக்கிளை மனத்தில் வைத்து எழுதப்படாத சட்டங்கள்.

முதலில் ஒரு முரணைச் சொல்லிவிட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகள் எல்லாமே இன்றைய பொருளில் கிராவல் சாலைகள்தாம். 1816-இல் பிரிஸ்டல் சுங்கச்சாலை அறக்கட்டளையின் மேற்பார்வையாளரான ஜான் லௌடன் மெக்காடம், கையால் உடைத்த சிறு கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி, வண்டிச் சக்கரங்களே அவற்றை இறுக்கும்படி விட்டார். கப்பிச் சாலை என்று நாம் சொல்வது அதைத்தான். சுங்கம் வசூலித்த சாலைகளே அந்த நிலையில் இருந்தன. மற்றவற்றின் கதி இன்னும் மோசம். இந்தச் சாலைகளைத் திருத்த வேண்டும் என்று முதலில் அமைப்பு கட்டிக் குரல் கொடுத்தவர்கள் சைக்கிள்காரர்கள். 1878-இல் ஹாரோகேட்டில் தொடங்கப்பட்ட சைக்கிள் சுற்றுலாச் சங்கமும் தேசிய சைக்கிள் ஒன்றியமும் சேர்ந்து 1886-இல் சாலை மேம்பாட்டுச் சங்கத்தை அமைத்தன. பின்னாளில் அதன் செயலாளராக இருந்த வில்லியம் ரீஸ் ஜெஃப்ரீஸ் சைக்கிள் இயக்கத்திலிருந்து வந்தவர். அரசு ஏற்படுத்திய சாலை வாரியத்துக்கும் அவரே செயலாளரானார். 1902-இல் எட்கர் பர்னல் ஹூலி தார்மெக்காடத்துக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் கார் கிளப்பிய புழுதிக்கு அது மருந்தானது. சைக்கிள்காரர்கள் கேட்டது கிடைத்தது. கிடைத்த சாலையில் அவர்களை ஓரத்துக்குத் தள்ளும் வாகனங்களும் கூடவே வந்தன. அவர்களின் கொள்ளுப் பேரர்கள் இன்று தார் பூசாத துண்டுகளைத் தேடி அலைகிறார்கள் என்றால், மூதாதையர் ஒழித்துக்கட்டிய பொருளுக்காகத்தான் அலைகிறார்கள்.

அப்படியானால் தாருக்குத் தப்பியவை எவை? பெரும்பாலும், மோட்டார் வருவதற்கு முன்பே பிழைப்பை இழந்துவிட்ட தடங்கள். யார்க்‌ஷயரில் கில்ன்சிக்கும் மால்ஹமுக்கும் இடையே மேட்டு நிலத்தில் செல்லும் மாஸ்டைல்ஸ் சந்து, ஃபவுண்டன்ஸ் மடத்துத் துறவிகள் கோடை மேய்ச்சலுக்கு ஆடுகளை ஓட்டிச் சென்ற வழி. இருபுறமும் இன்று அதற்குக் கரை கட்டும் கற்சுவர்கள் வேலியடைப்புக் காலத்தின் வேலை. வடக்கு யார்க்‌ஷயரின் ஹாம்பிள்ட்டன் குன்றுகளின் மேல் செல்வது மாட்டு மந்தை வழி. ஸ்காட்லாந்திலிருந்து தெற்கே சந்தைகளுக்கு மாடு ஓட்டிவந்தவர்கள், சமவெளியின் சுங்கச் சாவடிகளுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல் மேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மாடுகளை ரயிலேற்றும் காலம் வந்ததும் மந்தை நின்றது. வழி மட்டும் நின்றுபோகாமல் அகலமாகவே கிடந்தது. நடு இங்கிலாந்தின் கதை வேறு. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலம், ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், பொதுப் பயன்பாட்டிலிருந்து தனியார் வேலிக்குள் போனது. நிலத்தைப் பங்கு போட வந்த ஆணையர்களே பழைய வழிகளை மூடிப் புதிய வழிகளை அளவுகோல் வைத்து வரைந்தார்கள். 1801-இன் பொதுச் சட்டம் பொது வண்டிச்சாலைக்குக் குறைந்தது 30 அடி அகலம் வேண்டும் என்றது. இன்று புதர்வேலிகளுக்கு நடுவே நேர்கோட்டில், போக்குவரத்துக்குத் துளியும் பொருந்தாத அகலத்தில் செல்லும் பச்சைச் சந்துகள் பல அந்தக் கணக்கில் பிறந்தவை. ஏழையின் மேய்ச்சல் உரிமையைப் பறித்த அதே ஆவணம்தான் இன்றைய சைக்கிள்காரருக்குப் பட்டா. இது கசப்பான உண்மை. பாதைகளைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தடம் எஞ்சியிருப்பது ஒன்று, அதில் போக உரிமை இருப்பது வேறொன்று. இங்கிலாந்தின் சட்டத்தில் பொதுவழிகள் பழங்காலம் தொட்டே மூன்று படிகளில் நின்றன. நடைவழியில் மனிதர் நடக்கலாம். குதிரைவழியில் நடப்பதோடு குதிரையிலும் செல்லலாம். வண்டிவழியில் எல்லாமே செல்லலாம். சைக்கிள் என்ற புதுப் பிறவியை இதில் எந்தப் படியில் வைப்பது? 1879-இல் டெய்லர் எதிர் குட்வின் வழக்கில், கண்மூடி வேகமாக ஓட்டிய சைக்கிள்காரரைத் தண்டிப்பதற்காக, சைக்கிளும் ஒரு வண்டிதான் என்று நீதிமன்றம் கண்டது. 1888-இன் உள்ளாட்சிச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் உறுதி செய்தது. மணியும் விளக்கும் கட்டாயம் என்றது. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதும் அதே ஆண்டில்தான். வண்டி என்ற தகுதி சாலையில் சைக்கிளைக் காப்பாற்றியது. உள்ளூர் அதிகாரிகள் இனி நினைத்தபடி அதை விரட்ட முடியாது. ஆனால் அதே தகுதி குதிரைவழிகளின் கதவைச் சாத்திவிட்டது. வண்டியென்றால் குதிரைவழியில் அதற்கு என்ன வேலை? எண்பது ஆண்டுகள் இப்படியே போயின. அந்தக் காலத்தில் குன்றேறிய சைக்கிள்காரர்கள் இல்லாமலில்லை. ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்சன் 1919 மார்ச்சில், எல்லைக்கு அப்பால் வேல்ஸின் பெர்வின் மலைகளைப் பனியில் கடந்ததை எழுதி ஒரு தலைமுறையையே மேட்டுக்கு அனுப்பினார். 1955-இல் ஹெர்ஃபோர்ட்‌ஷயரின் லெம்ஸ்டர் ஊர் விடுதி ஒன்றில் அத்தகையோர் கூடி, கரடுமுரடு வழிகளுக்கென்றே ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் சைக்கிளை ஓட்டிய தூரத்தோடு சுமந்த தூரமும் கணிசம். அவர்கள் போன வழிகளில் பலவற்றில் அவர்களுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது, கேட்பாரும் கிடையாது.

உரிமைகளைத் தாளில் ஏற்றியது 1949-இன் தேசியப் பூங்காச் சட்டம். போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசு நடைபயணிகளின் நெடுங்காலக் கோரிக்கைக்குக் காது கொடுத்து, ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுவழிகளை எல்லாம் கணக்கெடுத்து அறுதி வரைபடம் தயாரிக்க வேண்டும் என்றது. அந்த வரைபடத்தில் ஏறிய வழிக்குப் பிறகு சாட்சி தேவையில்லை. வரைபடமே முடிவான சான்று. கணக்கெடுப்பு வேலை பாரிஷ் எனப்படும் சிற்றூர் மன்றங்களின் தலையில் விழுந்தது. ஊர்க்காரர்கள் வரைபடத்தையும் படிவத்தையும் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பொது நிலங்களையும் நடைவழிகளையும் காக்கும் சங்கம் அச்சிட்டுக் கொடுத்த கையேட்டில் சில சுருக்கெழுத்துகள் இருந்தன. வண்டிச்சாலைதான், ஆனால் இப்போது முக்கியமாக நடப்பவர்களே பயன்படுத்துகிறார்கள் என்றால் ‘சி.ஆர்.எஃப்’, குதிரைக்காரர்கள் பயன்படுத்தினால் ‘சி.ஆர்.பி’. தடத்தின் பழைய தகுதியும் அன்றைய பயன்பாடும் இந்த மூன்றெழுத்துகளில் கலந்துவிட்டன. அவற்றை இறுதி வகைகளாக மாற்றியபோது ஒவ்வொரு கவுண்டியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டது. ஓரிடத்தில் வண்டிச்சாலை என்ற பாதியைப் பிடித்துக்கொண்டார்கள், இன்னோரிடத்தில் நடைவழி என்ற பாதியை. ஒரு பாரிஷில் குதிரைவழியாக வரும் தடம், கண்ணுக்குத் தெரியாத எல்லையைத் தாண்டிப் பக்கத்துப் பாரிஷில் நுழைந்ததும் நடைவழியாகிவிடும் விசித்திரம் வரைபடங்களில் இன்றும் உண்டு. குதிரை ஏறிவருபவர் அந்த எல்லையில் என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு சைக்கிள்காரரின் நிலையும் வேறாக இருந்திருக்கும்.

பிறகு 1968. அந்த ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் முப்பதாம் பிரிவில், குதிரைவழிகளில் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்று சொன்னது. இங்கிலாந்தின் சாலைக்கு வெளியேயான சைக்கிள் பயணம் முழுவதும் இந்த ஒற்றைப் பிரிவின் மேல் நிற்கிறது. அது எவ்வளவு சிக்கனமான கொடை என்பதை அடுத்த வரியிலேயே காணலாம்: சைக்கிளுக்கு வசதியாகக் குதிரைவழியைப் பராமரிக்கும் கடமை யாருக்கும் இல்லை. மலைச் சைக்கிள் என்ற வண்டியைக் கலிஃபோர்னியாவில் இளைஞர்கள் உருவாக்கியது 1970-களில். அது பிரிட்டனில் பெருவாரியாக விற்பனையானது அதற்கும் பிறகு. 1968-இல் சட்டமியற்றியவர்கள் கண்முன் இருந்தவர் காக்கிப் பையும் தேநீர்க் குடுவையுமாக மெதுவாகப் போகும் சுற்றுலாக்காரர். அத்தகைய சுற்றுலாக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, செலவு வைக்காதவர்கள், சத்தம் போடாதவர்கள். அதனால்தான் எளிதாகக் கொடுத்தார்கள் என்று நான் கருதுகிறேன். இருபது ஆண்டுகள் கழித்து, தடித்த டயர்களோடு ஆயிரக்கணக்கானோர் குன்றுகளில் ஏறத் தொடங்கிய பிறகு அதே பிரிவு நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தால் நிறைவேறியிருக்குமா என்பது சந்தேகமே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பாதையின் தன்மையைத் தீர்மானிப்பது மண்தானே? சுண்ணப்பாறையில் மழைநீர் இறங்கிவிடும், அதனால் ரிட்ஜ்வேயில் ஓட்ட முடிகிறது. சசெக்ஸின் வீல்டு பகுதிக் களிமண்ணில் பனிக்காலத்தில் சக்கரம் அச்சு வரை புதையும். அங்கே பெரிய பாதை உருவாகாததற்குச் சட்டத்தைக் குறை சொல்வானேன்? மேற்பரப்பைப் பொறுத்தவரை இது முழுக்க உண்மை. ஈரம் காயாத களிமண்ணில் எந்த உரிமையும் உதவாது. ஆனால் யார் போகலாம் என்ற கேள்விக்கு மண்ணிடம் பதில் இல்லை. வீல்டின் தெற்கு ஓரத்தில் தெற்கு டவுன்ஸ், வடக்கு ஓரத்தில் வடக்கு டவுன்ஸ். இரண்டும் ஒரே சுண்ணப்பாறைக் கவிகையின் மிச்சங்கள். நடுப்பகுதி அரித்துப் போய் இரு விளிம்புகள் எதிரெதிராக நிற்கின்றன. தெற்கு டவுன்ஸ் வழி 1972-இல் நாட்டின் முதல் நெடுந்தூரக் குதிரைவழியாகத் திறக்கப்பட்டுப் பின்னர் வின்செஸ்டர் வரை நீட்டப்பட்டது. அதன் 160 கிலோமீட்டரையும் இன்று சைக்கிளில் கடக்கலாம். வடக்கு டவுன்ஸ் வழி 1978-இல் ஃபார்ன்ஹமிலிருந்து டோவர் வரை பெரும்பகுதி நடைவழியாகத் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல், அதே திசையில் சைக்கிளும் குதிரையும் செல்லக்கூடிய மாற்றுத்தடம் ஒன்றைச் சைக்கிளிங் யூகே (1878-இன் சைக்கிள் சுற்றுலாச் சங்கத்தின் இன்றைய பெயர்) கோத்தெடுத்தபோது, ஊர்ச் சாலைகளையும் சிதறிக் கிடந்த குதிரைவழிகளையும் சேர்த்துத்தான் கோக்க முடிந்தது. பாறை ஒன்று, உயரம் ஏறக்குறைய ஒன்று, மழையும் ஒன்று. இன்னும் நெருக்கமான சான்று வேண்டுமானால் தெற்கு டவுன்ஸ் வழியின் கிழக்கு முனையைப் பார்க்கலாம். ஆல்ஃபிரிஸ்டனில் அது இரண்டாகப் பிரிகிறது. நடப்பவர்கள் கடலோரமாகச் செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகளின் மேல் போகிறார்கள். குதிரையும் சைக்கிளும் உள்நாட்டில் ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்னை அடைகின்றன. ஒரே பெயர் கொண்ட பாதை, வந்தவரின் காலையும் குளம்பையும் பார்த்து வழி பிரிக்கிறது.

பெனைன் மலைத்தொடரும் இதையே காட்டுகிறது, கூடவே காரணத்தையும். 1935-இல் டாம் ஸ்டீவன்சன் என்ற பத்திரிகையாளர் செய்தித்தாளில் எழுதிய கட்டுரையில் பிறந்த கனவு, முப்பது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1965-இல் பெனைன் வழியாகத் திறக்கப்பட்டது. அது நடப்பவர்களின் வெற்றி; அதனாலேயே பெரும்பகுதி நடைவழி; சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. 1986-இல் மேரி டவுன்லி என்ற குதிரையேறி, நார்தம்பர்லாண்டிலிருந்து டார்பிஷயர் வரை குதிரையில் சென்று, குதிரைக்காரர்களுக்கும் இதே மலையில் ஒரு நெடுந்தடம் வேண்டும் என்று காட்டினார். அவர் 2001-இல் இறந்தார். மறு ஆண்டு திறக்கப்பட்ட முதல் சுற்றுத்தடம் அவர் பெயரைத் தாங்குகிறது. பெனைன் குதிரைவழி முழுமையடைந்தபோது 330 கிலோமீட்டர் அளவுக்கு மேட்டுத்தடம் சைக்கிளுக்கும் திறந்துகிடந்தது. வேட்டைக் குதிரையும் பந்தயக் குதிரையும் வைத்திருந்த வர்க்கத்துக்கு இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இருந்த செல்வாக்கு ஊரறிந்தது. சைக்கிள் தன் சொந்தச் செல்வாக்கில் பெற்ற தடங்கள் சொற்பம். குதிரையின் பின்னால் போய்ப் பெற்றவையே அதிகம். 2000-இன் நாட்டுப்புற, வழியுரிமைச் சட்டம் உருவாக்கி 2006-இல் நடைமுறைக்கு வந்த, மோட்டார் நுழையாத வண்டிவழி என்ற புது வகைகூட ஜீப்புகளையும் மோட்டார் சைக்கிள்களையும் பச்சைச் சந்துகளிலிருந்து விலக்கும் சண்டையில் பிறந்ததுதான். அதிலும் சைக்கிளுக்குக் கிடைத்தது பக்கவாட்டு லாபம்.

இரண்டாவது மறுப்பு கீல்டரிலிருந்து வரும். இங்கிலாந்தில் கிராவல் என்ற சொல்லுக்கு உண்மையாகப் பொருந்தும் சாலைகள் பெரும்பாலும் நார்தம்பர்லாண்டின் கீல்டர் போன்ற வனங்களில்தான் இருக்கின்றன. முதல் உலகப்போரில் மரப் பஞ்சத்தைக் கண்ட அரசு 1919-இல் வன ஆணையத்தை அமைத்தது. 1926-இல் கீல்டரில் நடவு தொடங்கியது. மனிதர் வளர்த்த காடுகளில் நாட்டிலேயே பெரியது அது. மரம் ஏற்றும் லாரிகளுக்காக உடைகல் போட்டு இறுக்கிய சாலைகளில்தான் 2016 முதல் டர்ட்டி ரீவர் என்ற 200 கிலோமீட்டர் பயணம் நடக்கிறது. இந்தச் சாலைகளுக்கும் 1949-இன் வரைபடத்துக்கும் சம்பந்தமில்லை. டார்பிஷயரின் டிசிங்டன் தடமும் ஹை பீக் தடமும் அப்படியே. 1967-இல் நின்றுபோன ரயில்தடங்களை அங்குள்ள பொது நிர்வாகங்கள் வாங்கிப் பாதையாக்கின. ஆகவே உரிமைகளின் வரலாறு பாதி வரலாறுதான் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மீதிப் பாதி வேறு இயல்புடையது. அங்கே கிடைப்பது அனுமதி. மரம் வெட்டும் பருவத்தில் சாலையை மூடலாம், ஒப்பந்தம் முடிந்ததும் பலகையைக் கழற்றலாம், காட்டை விற்கவும் விற்கலாம். கூட்டமாகப் பந்தயம் வைக்க விரும்புபவர்கள் காட்டையே நாடுவதற்கும் காரணம் இதுதான்: குதிரைவழியில் பந்தயம் ஓடச் சட்டம் இடம் தருவதில்லை, நிலக்காரரின் அனுமதி இருந்தால் தனியார் சாலையில் ஓடலாம். மேலும் கீல்டர் ஒரு மூலையில் இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் வீட்டு வாசலிலிருந்து கிளம்புபவரைக் காப்பாற்றுவது பாரிஷ் வரைபடம்தான்.

மூன்றாவதாக, நடைவழிகள் எல்லாம் குறுகலானவை, படிவேலி தாண்ட வேண்டியவை, அங்கே சைக்கிளை விடாததில் என்ன அநியாயம் என்பார்கள். பல நடைவழிகளுக்கு அது பொருந்தும். தோட்டத்துக்குப் பின்னால் வளைந்து போகும் ஒற்றையடித் தடத்தில் சைக்கிள் விடுவது யாருக்கும் நன்றாக இருக்காது. ஆனால் அகலமான பண்ணைச் சாலைகளும் நடைவழிப் பட்டியலில் ஏராளம். அவற்றின் தகுதியைத் தீர்மானித்தது அகலமல்ல, 1950-களில் குதிரை அருகி டிராக்டர் பெருகிவந்த காலத்தில் எந்த ஊர்க்காரர் எந்த எழுத்தை எழுதினார் என்பதே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொதுவழிகளில் சைக்கிளுக்குத் திறந்தவை ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். ஸ்காட்லாந்து 2003-இன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் இந்த வகைப்பாட்டையே ஓரம்கட்டி, பொறுப்போடு நடந்துகொள்பவர் காலாலோ குதிரையாலோ சைக்கிளாலோ பெரும்பாலான நிலத்தில் செல்லலாம் என்றது. அதை அப்படியே நெருக்கமான தென் இங்கிலாந்துக்குக் கொண்டுவரலாம் என்று நான் வாதிடவில்லை. பயிர்நிலம் மிகுந்த, ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் நாட்டில் சிக்கல்கள் வேறு. ஆனால் வழியின் வகையைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கும் சட்டமும் ஒரு நாட்டில் நடக்கிறது என்பதற்கு அது சான்று. வரைபடத்தை யார் மதிக்கிறார்கள், எல்லாரும் ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்ற பதிலும் உண்டு. தனியாக ஓட்டும்வரை சரி. நடைவழியில் சைக்கிள் விடுவது பொதுவாகக் குற்றமல்ல, நிலக்காரருக்கு எதிரான அத்துமீறல் மட்டுமே. ஆனால் பாதையை அச்சிட்டு விற்கவோ பலகை நடவோ முனைபவர் அப்படிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

அச்சிடப்பட்ட பாதைகளில் இன்று பெயர் பெற்றது 2020-இல் சைக்கிளிங் யூகே வெளியிட்ட கிங் ஆல்ஃபிரட்ஸ் வே. வின்செஸ்டரில் தொடங்கி ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி, ரெடிங், ஃபார்ன்ஹம் சுற்றி மறுபடி வின்செஸ்டருக்கே வரும் 350 கிலோமீட்டர். வெசெக்ஸை ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டு அரசரின் பெயர் அதற்கு; ஆனால் அதன் வடிவத்தை வகுத்தவர்கள் அவரைவிட மிகப் பிந்தியவர்கள். மேற்கு ரிட்ஜ்வேயையும் தெற்கு டவுன்ஸ் வழியையும் முடிந்தவரை பற்றிக்கொள்கிறது, தேம்ஸ் பள்ளத்தாக்கிலும் வடக்கு டவுன்ஸ் பக்கத்திலும் உரிமை கிடைத்த துண்டுகளைத் தைக்கிறது, இடைவெளி வந்தால் தார்ச் சாலைக்கு இறங்குகிறது. தார், சுண்ணம், தார், மணல், மறுபடி தார் என்று இப்படி மாறும் வழிக்கு மலைச் சைக்கிள் கனம், பந்தய சைக்கிள் மென்மை; வளைந்த கைப்பிடியும் தடித்த டயருமான இடைப்பட்ட வண்டி கச்சிதம். கான்சஸின் முடிவில்லாச் சரளைக்காகச் செய்த வண்டி, முற்றிலும் வேறு காரணத்துக்காக இங்கிலாந்தில் பொருந்திப்போனது. தொடர்ச்சியான தடம் ஒன்று கிடைத்திருந்தால் ஒருவேளை அங்கே வேறு வண்டி செல்லுபடியாகியிருக்கும்.

1949-இன் அறுதி வரைபடம் இன்னும் மூடப்படவில்லை. 1949-க்கு முந்தைய, ஆனால் பதிவாகாத வழிகளைப் பதிவு செய்ய 2000-இன் சட்டம் 2026 ஜனவரியைக் கடைசி நாளாக வைத்தது. பிறகு அது 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. பதிவுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆவணக் காப்பகங்களில் தேடுவது வேலியடைப்புத் தீர்ப்புகளையும், 1836-இன் சட்டத்தைத் தொடர்ந்து எழுந்த தேவாலயத் தசமபாக வரைபடங்களையும், 1929-இன் சட்டத்தால் ஊரகச் சாலைகள் கவுண்டிகளிடம் கைமாறியபோது வரைந்த ஒப்படைப்பு வரைபடங்களையும். எல்லாவற்றிலும் சுவையானது 1910-இன் நிதிச் சட்ட வரைபடம். அன்றைய நிதியமைச்சர் லாய்டு ஜார்ஜ் நிலமதிப்பின் உயர்வுக்கு வரி போட நினைத்தார். அதற்காக நாடு முழுவதும் நிலத்தை அளந்து வண்ணம் தீட்டினார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சாலைகளை வண்ணமின்றி வெள்ளையாக விட்டார்கள். வரி நிலைக்கவில்லை, 1920-லேயே கைவிடப்பட்டது. ஆனால் வேலிகளுக்கு நடுவே அன்று வெள்ளையாக விடப்பட்ட கோடு, இன்று நடைவழி என்று பதிவான சந்து ஒருகாலத்தில் வண்டிவழியாக இருந்திருக்கலாம் என்பதற்கு வலுவான சாட்சியாக விசாரணைகளில் எடுத்துவைக்கப்படுகிறது. விண்ணப்பங்கள் கவுண்டி அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றைத் தேடி எடுத்து, வழக்கம்போல முன்னால் நிற்பவர்கள் பிரிட்டிஷ் குதிரைச் சங்கத்தின் தொண்டர்கள்.